ஏழாம் எண் மூச்சு

அக்டோபர் 27, திங்கள்

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். சின்னத் தவறுதான். என் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பாட்டுக் கேட்பதற்காகக் கீழ்வீட்டுக் கோமளா அக்கா போன வாரம் வாங்கிக்கொண்டு போனார். அது கீழே அவருடைய சமையலறையில் இருக்கிறது. என் போன் தானாகவே அதோடு சேர்ந்துகொள்ளும். இரண்டையும் மறந்துவிட்டு, மாடி அறையில் உட்கார்ந்து வகுப்புக்கான மூச்சொலிகளைப் போட்டேன். சத்தம் வரவில்லை. ஒலியைக் கூட்டினேன். அப்போதும் வரவில்லை. முழுக்கக் கூட்டினேன்.

கீழே ஒரு எவர்சில்வர் பாத்திரம் விழுந்து உருண்டது.

இறங்கிப் போனேன். மழைக்காக வாசற்கதவும் சன்னலும் சாத்தியிருந்தன. அக்கா முருங்கைக்கீரையை மடியில் போட்டபடி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்த மூச்சு வந்துகொண்டிருந்தது. உள்ளே இழுக்கும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. வெளியே விடும்போதுதான் நீளமாக, குக்கரில் ஆவி அடங்குகிற நேரத்து மெல்லிய விசில் போல, இழுத்துக்கொண்டே போனது. அந்தச் சின்ன அறையில் அது ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"நிவே," என்றார் அக்கா. குரலில் பயமே இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது. "அந்தாளு வந்துகீறாரு. மூச்சு வாங்குது பாரு. மொதல்ல சுடுதண்ணி வை."

போனில் நிறுத்தினேன். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"அக்கா, இது என் பாடம். யாரோ பேஷன்ட்டோட மூச்சை ரெக்கார்ட் பண்ணிக் குடுத்திருக்காங்க. தப்பா இந்த ஸ்பீக்கர்ல வந்துடுச்சு."

"நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"ஏம்மே நிறுத்தின?"

கீரையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன்.

அக்காவின் கணவர் கோதண்டம் இறந்தது போன கார்த்திகை அமாவாசையில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் எவர்சில்வர் குழாய்களுக்குப் பாலிஷ் ஏற்றும் வேலை பார்த்தவர். சக்கரத்திலிருந்து பறக்கும் தூள் வருடக்கணக்காக உள்ளே போய் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. நான் விருத்தாசலத்திலிருந்து வந்து இந்த மேனாம்பேட்டு வீட்டு மாடியில் குடியேறியது சித்திரையில். அவரைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. துக்கத்தில் இருப்பவருக்கு எந்த மூச்சும் தன் ஆளின் மூச்சாகத் தோன்றலாம். இப்போதைக்கு அப்படித்தான் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 29, புதன்

பகலில் கொரட்டூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போட்டுவிட்டு, மாலையில் இரண்டு பஸ் மாறிப் பூந்தமல்லி சாலையிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். சுவாச சிகிச்சை உதவியாளர் சான்றிதழ் வகுப்பு. எங்களுக்குப் பாடம் பாதி, பொம்மை பாதி.

பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. போர்வை போர்த்தியிருப்பதால் அது தெரியாது. ரப்பர் தோல், மூடிய கண்கள். உள்ளே இருக்கும் பம்பு நெஞ்சை ஏற்றி இறக்கும். தோலுக்கு அடியில் பதித்த சின்ன ஸ்பீக்கர்கள் மூச்சொலியைக் கொடுக்கும். ஒலிகள் எல்லாம் நிஜ நோயாளிகளிடம் கேட்டு வாங்கியவை. அனுசுயா டாக்டரும் பொறியியல் துறை அமல்ராஜ் சாரும் பல வருடம் உழைத்துச் செய்தது. இதில் காது பழகிய கிராமத்து நர்ஸ்கள் மூச்சு நோயை முன்கூட்டியே கண்டுபிடித்து அனுப்புகிறார்கள் என்று டாக்டர் சொல்லுவார். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்று வகுப்பில் மைசூர்பாக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் இந்த வருட மருத்துவ ஆராய்ச்சி விருது பொம்மைக்குத்தான்.

"அடுத்த மாசம் பத்தொன்பதாம் தேதி மேடையில ஏத்துறோம்," என்றார் அமல்ராஜ் சார். "ஏழாம் நம்பரைத்தான் போடப் போறேன். கடைசி வரிசைக்குக்கூடப் புரியும்."

அக்கா கேட்டது ஏழாம் எண்ணைத்தான்.

"சார், ஏழாம் நம்பர் யாரு?"

"அது எங்களுக்கே ஞாபகம் வரக் கூடாதுன்னுதானே நம்பர் போட்டிருக்கு? ஏன், மாப்பிள்ளை பாக்குறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. பொம்மையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, வைப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

எனக்கு என் காதின் மேலேயே நம்பிக்கை இல்லை. அக்காவின் காதை எப்படி நம்புவது? அதனால் ஒரு சோதனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குச் சமையல் இல்லை. மற்ற நாட்களில் எஸ்டேட் பட்டறைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டுகிறார். விடியுமுன் அடுப்பு மூட்டி, சாம்பார் சாதமும் லெமன் சாதமும் கிளறி, வாழையிலையும் செய்தித்தாளும் வைத்து மடித்து நூல் சுற்றி, டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னாலும் பின்னாலும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மழையிலும் போய்விடுவார். ஞாயிறு மாலை மறுநாளைக்கான சின்ன வெங்காயம் உரிப்பார். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

போனைத் துண்டுக்கு அடியில் வைத்து, எண்களைக் கலைத்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். எது எதுவென்று எனக்கும் தெரியாதபடி.

"இது சின்னப் புள்ள," என்றார் அக்கா, தலை நிமிராமல். அடுத்ததற்கு, "இது இன்னா, மீன் வறுக்குற மாரி கீது? பாவம் யாரோ." அதற்கடுத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயம் உரிபட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அவர் கை நின்றது.

"முதுகுக்குத் தலகாணி வெச்சுகினு குந்துய்யா," என்றார், துண்டைப் பார்த்து. "எத்தினி தபா சொல்றது?"

எடுத்துப் பார்த்தேன். ஏழு. வரிசையை மாற்றி இன்னொரு முறை செய்தேன். மறுபடியும் ஏழில்தான் நின்றது.

"ஆஸ்பத்திரில கீறப்ப ஒரு டாக்டரம்மாவும் ஒரு தம்பியும் வந்தாங்க நிவே. படிக்கிற புள்ளைங்களுக்கு உங்க மூச்ச குடுக்குறீங்களா ஐயான்னு கேட்டாங்க. இந்தாளுக்கு ஒரே குஷி. 'பாதி மூச்சுதான் கீது, பரவால்லியா?'ன்னு கேட்டுட்டுக் கையெழுத்து போட்டாரு. அன்னிக்கி பூரா அதே பேச்சு. 'பட்டறைல எவன்டா என்னை ஒரு வார்த்த கேட்டான், டாக்டரம்மா கேட்டாங்க பாத்தியா'ன்னு."

"அப்போ இது அவர்தானா அக்கா?"

"இன்னா கேள்வி கேக்குற? பக்கத்துல படுத்தவளாண்ட."

போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா என் துப்பட்டா நுனியைப் பிடித்தார்.

"போட்டுகினே இரு. நான் இந்தக் கூடைய முடிச்சிடறேன்."

நவம்பர் 9, ஞாயிறு

ஒரு வாரமாக நான் எதையும் சரியாகச் செய்யவில்லை. மறுக்கத் தெரியாமல் ஏழாம் எண் ஒலிப்பதிவை அக்காவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். ஸ்பீக்கர் இப்போது அலமாரியில் இல்லை. கோதண்டம் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், மடித்த துண்டின் மேல் இருக்கிறது. நாற்காலிக்கு முன்னால் ஒரு டம்ளர் சுடுதண்ணீர். நான் வகுப்பு முடிந்து வரும்போது அது ஆறிப்போய் இருக்கும். அக்கா மறுபடியும் சுட வைப்பார்.

இன்று மகன் திருமுருகன் வந்தான். கால் டாக்சி ஓட்டுகிறான். ஆவடிக்கு அப்பால் முத்தாபுதுப்பேட்டையில் குடித்தனம். மனைவி வர்ஷாவுக்கு ஏழாவது மாதம். இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"ம்மா, உள்ள யாரு?"

"உங்க நைனா."

திருமுருகன் உள்ளே வந்து நாற்காலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வர்ஷா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றாள்.

"சரி, அத்த வுடு," என்றான், குரலை இறக்கி. "தெவசத்துக்கு ஐயராண்ட சொல்லிட்டேன். இருபதாம் தேதி அமாவாச. காலீல திருவள்ளூர் கொளத்துல குடுத்துட்டு வந்து ஊட்ல படையல்."

"யாருக்கு?"

"யாருக்கா? நைனாக்குத்தான்!"

"மூச்சு வுட்டுகினு கீற மனுசனுக்கு எவனாவது எள்ளுந் தண்ணியும் எறைப்பானாடா? அறிவு கீதா உனுக்கு?"

"ம்மா, அது டப்பாம்மா! சார்ஜ் போட்டா பேசும், போடலேன்னா பேசாது!"

"நீ மட்டும் இன்னா, துன்னாம பேசுவியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருமுருகனுக்கு வரவில்லை. அவன் நாற்காலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேறு பக்கம் உட்கார்ந்தான்.

"தெவசம் முடியாம வளைகாப்பு போட முடியாதும்மா. இந்தக் கார்த்திய வுட்டா மார்கழி. அப்பால ஒம்போதாம் மாசம். வர்ஷா அம்மா ஊட்ல மூஞ்சி தூக்கிகினு கீறாங்க. நான் இன்னான்னு சொல்ல? எங்க நைனா இன்னும் சாவலன்னா?"

வாசலிலிருந்து வர்ஷா சொன்னாள்: "அத்தே, அந்தச் சத்தம் கீற வரைக்கும் நான் உள்ள வர மாட்டேன். பொறந்த அப்பாலயும் தூக்கியாற மாட்டேன். கோச்சிக்காதீங்க."

அக்கா முந்தானையால் டம்ளரை மூடினார்.

போகும்போது திருமுருகன் என்னை ஓரமாக அழைத்தான். "சிஸ்டர், நீங்க ஆரம்பிச்சது. நீங்களே முடிச்சு வெச்சிடுங்க."

நவம்பர் 12, புதன்

திங்கட்கிழமை இரண்டு போன்களிலிருந்தும் ஏழாம் எண்ணை அழித்தேன். ஸ்பீக்கரையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்று மழையால் வகுப்பைச் சீக்கிரம் முடித்தார்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கேட்டைத் திறக்கும்போதே கேட்டது. உள்ளே இழுப்பது தெரியாமல், வெளியே நீளமாக, விசிலோடு.

பைக்குள் கையை விட்டேன். ஸ்பீக்கர் அங்கேதான் இருந்தது, குளிர்ந்துபோய்.

கதவு ஒருக்களித்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அதன் காலடியில் அக்கா பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு அவர் வாயிலிருந்து வந்தது.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. வகுப்பு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் முதுகில் வைத்துக் கேட்டேன். உள்ளே சுத்தமாக இருந்தது. மேலே, கீழே, இரண்டு பக்கமும். ஒரு குறையும் இல்லாத நெஞ்சு. விசில் உதட்டில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. நீளம், ஏற்றம், இறக்கம் எல்லாம் ஏழாம் எண்ணேதான். மூன்று முடிந்து நான்காவது பாதியில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

அக்கா கண்ணைத் திறக்காமலேயே பேசினார்.

"அழிச்சிட்டியே, பரவால்ல. எனுக்கு வந்துடுச்சு."

"அக்கா, எழுந்திருங்க. பயமா இருக்கு."

எழுந்து உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டார். தண்ணீர் கேட்டார். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"நாலாவதுல நின்னுடுது நிவே. அந்தாளு மூணு மூச்சு வுட்டாருன்னா நாலாவதுல தொண்டைய செருமுவாரு. செருமினாத்தான் அடுத்த மூச்சு. ஒரு நாளும் தப்புனதில்ல. உன் பொட்டில செருமவே மாட்டேங்குறாரு. செருமப் போறாரு, போறாருன்னு பாக்குறேன், மறுபடி மொதல்லேர்ந்து இயுக்குறாரு. அடைச்சிகினே கீது அவருக்கு. எத்தினி புள்ளைங்க கேக்குறாங்களோ அத்தினி தபா அடைக்குது. அப்பால எப்டி போவாரு அவரு?"

அது வெட்டி ஒட்டிய ஒலி. நான்கு மூச்சைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அவர் அடுத்து என்ன செய்திருப்பார் என்று நான் யோசித்ததில்லை.

நவம்பர் 17, திங்கள்

அனுசுயா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பிலிருந்து நீக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

"வெளியில போட்டுக் காட்டினது தப்பு. அதைப் பிறகு பேசுவோம்," என்றார். பிறகு ஒப்புதல் ஆவணங்களைத் திறந்து பார்த்தார். மேனாம்பேடு கோதண்டம். கையெழுத்து இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"செருமலை நாங்கதான் வெட்டினோம் நிவேதிதா. புதுசா கேக்குறவங்க குழம்பிடுவாங்க. இன்னைக்குக் கேட்டாலும் வெட்டத்தான் சொல்வேன்." சன்னலுக்கு வெளியே பார்த்தார். "வெட்டாத பதிவு முழுசா இருக்கு. புதன்கிழமை விழாவுக்கு முன்னாடி அவங்களைக் கூட்டிட்டு வா. அவங்க வேண்டாம்னு சொன்னா ஏழு மேடைக்கு வராது. பொம்மையிலிருந்தும் எடுத்துடுவோம்."

"சார் மேடைக்கு ஏழைத்தானே வெச்சிருக்கார்?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அக்காவிடம் வந்து சொன்னேன். "எட்த்துடுவாங்களா? யாரு எடுக்கச் சொன்னது?" என்று கோபப்பட்டார். பிறகு, "செரும உடட்டும். அத்த மட்டும் கேளு," என்றார்.

நவம்பர் 19, புதன்

திருமுருகன் காரிலேயே போனோம். வர்ஷாவும் வந்தாள். ஆனால் ஆய்வுக்கூட வாசலோடு நின்றுகொண்டாள். விழா அரங்கில் மைக் சோதிக்கும் சத்தம் அங்கே வரை கேட்டது.

பொம்மை கட்டிலில் இருந்தது. மேடைக்காக வெள்ளை விரிப்புப் போட்டு, தலையைச் சீவிவிட்டிருந்தார்கள். அக்கா அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அமல்ராஜ் சார் ஸ்டெதஸ்கோப்பை நீட்டினார்.

"அது எதுக்கு?" என்று விலக்கிவிட்டு, குனிந்து ரப்பர் நெஞ்சின் மேல் காதை வைத்தார்.

பம்பு ஓடத் தொடங்கியது. நெஞ்சு ஏறியது. அக்காவின் தலையும் கூடவே ஏறியது. டாக்டர் கேட்டுக்கொண்டதால் ஒலியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தார்கள். எங்களுக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது நீண்டுகொண்டே போனது. திருமுருகன் என் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

செருமல் வந்தது. ஈரமாக, முரட்டுத்தனமாக, ஒரு ஆள் தன் வீட்டு முற்றத்தில் செருமுவது போல. தொடர்ந்து இருமல். அதன் பின் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு நெஞ்சுக்கு உள்ளேயிருந்து, குடத்துக்குள் வாய் வைத்துப் பேசுவது போல, ஒரு குரல்.

"போதுமா மேடம்? சொக்காய போட்டுக்கட்டா? எங்க ஊட்டுக்காரி டீ வாங்கப் போய்க்கீறா. வந்தா எலும்ப பாத்துட்டு அயுவா."

அவ்வளவுதான். ஒலி முடிந்துவிட்டது. பம்பு ஒலியோடு இணைக்கப்படவில்லை. அதனால் நெஞ்சு மட்டும் சத்தமில்லாமல் இன்னொரு முறை ஏறி இறங்கியது. அக்காவின் தலையும் ஏறி இறங்கியது. இன்னொரு முறை. அமல்ராஜ் சாரால் சுவிட்சைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. டாக்டர்தான் அணைத்தார்.

"போட்டுக்கய்யா," என்றார் அக்கா, நெஞ்சில் வாய் படுகிற மாதிரி.

நிமிர்ந்தார். வெள்ளை விரிப்பை இழுத்துப் பொம்மையின் கழுத்துவரை போர்த்தினார். வாசலில் வர்ஷா அழுதுகொண்டிருந்தாள். திருமுருகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான்.

"அம்மா, மேடையில..." என்று டாக்டர் தொடங்கினார்.

"போடுங்க மேடம். வெட்டினதையே போடுங்க, புள்ளைங்களுக்குப் புரியணும் இல்ல? பேச்ச மட்டும் யாராண்டயும் போடாதீங்க. அது எனுக்குச் சொன்னது." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "டேய், ஐயரு எத்தினி மணிக்கு வரச் சொன்னாரு?"

விழா நன்றாக நடந்தது. அரங்கு நிறையக் கூட்டம். ஏழாம் எண் ஒலித்தபோது யாரும் அசையவில்லை. ஏசிச் சத்தம்கூட அடங்கியது போலிருந்தது. நான்காவது மூச்சு நின்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியபோது நான் அக்காவைப் பார்த்தேன். முன்வரிசையில் நாற்காலியில் சாய்ந்து, வாயை மூடி, தூங்கிக்கொண்டிருந்தார். விருதை வாங்கிக்கொண்டு, குடும்பத்தின் அனுமதியோடு கோதண்டத்தின் பெயரை டாக்டர் சொன்னார். கைதட்டல் நீளமாக இருந்தது. திருமுருகன் எழுந்து நின்று கும்பிட்டான். அக்கா விழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். கீழே கிரைண்டர் ஓடியது. அது நின்ற பிறகும் கேட்டேன். ஏதோ கேட்டது போலவும் இருந்தது, என் மூச்சுதான் என்றும் தோன்றியது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நாளை: லேபில் லீவு சொல்ல வேண்டும். அம்பத்தூர் ஸ்டேஷனில் திருவள்ளூர் போகும் முதல் வண்டி; திருமுருகன் காரில் நேராகக் குளத்துக்கு வந்துவிடுவான். எள்ளும் தர்ப்பையும் ஐயர் கொண்டுவருவார். படையலுக்கு வேட்டி எடுத்தாயிற்று, சட்டை எடுக்கவில்லை. திரும்பும் வழியில் கடை திறந்திருந்தால் நான் இறங்கி வாங்க வேண்டும். முழுக்கை, வெள்ளை, நாற்பது சைஸ்.